ஆன்லைன் வகுப்புக்கு வந்த தலைமை ஆசிரியர்

ஜூன் 2

பெரியவர்களுக்கான பத்தாவது பரீட்சை ஆன்லைன் வகுப்பில் இன்றைக்கு என் பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டு நுழைந்தேன். 'தலைமை ஆசிரியர்'. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருக்கு இந்த வயதில் பதவி உயர்வு. கூடப் படிக்கிற வாட்ச்மேன் தம்பி எழுந்தே நின்றுவிட்டான். டீச்சர் குரல் இறங்கிப்போய், "வணக்கம் சார், வர்றதா சொல்லவே இல்லையே" என்றார். அப்புறம்தான் கேமராவைப் போட்டேன். தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தது.

"ஐயா, பேர் தெரியாதவங்கள நான் உள்ள விடக்கூடாது. சொந்தப் பேர்ல வாங்க" என்றார் டீச்சர். பேத்தி வயசு. சரிங்க டீச்சர் என்றேன்.

ஜூன் 4

தும்மினால் மைக்கை அணைக்கணுமாம். தும்மல் என்ன சொல்லிவிட்டா வருது?

ஜூன் 9

கணக்குப் பாடம். வாட்ச்மேன் தம்பி வாயைப் பிளந்து கொட்டாவி விட்டான், உள்நாக்கு வரை தெரிந்தது. சும்மா விடுவேனா? எல்லார் முகமும் கட்டம் கட்டமாகத் தெரிகிற மாதிரி திரையை அப்படியே படம் பிடித்து, சலூன் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'என் வகுப்புப் பசங்க'. சலூன்காரன் கேட்டிருந்தான்: "எல்லாம் சின்ன வயசா இருக்கே, நீங்க எத்தன வருஷமாண்ணே பெயிலு?"

ஜூன் 11

தையல்காரம்மா வரவில்லை. வகுப்பில் சிரிக்க ஆளில்லை.

ஜூன் 12

இன்றைக்கும் இல்லை. வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னை மட்டும் இருக்கச் சொன்னார்.

"அவங்க வீட்ல ஒரே ரூம் ஐயா. அதான் வேலை முடிஞ்சதும் தையல் கம்பெனியில துணி வெட்டுற ரூம்ல உக்காந்து படிச்சாங்க. நீங்க போட்ட படத்துல அவங்க பின்னாடி ஒரு சட்டை தொங்குது. ஒரு ஓட்டலுக்குத் தைக்கிற புது யூனிபார்ம். வெளிய யாரும் பார்க்கக்கூடாதாம். இனிமே வேலைக்கு வராதேன்னு முதலாளி சொல்லிட்டார்."

முதலாளி எப்படிப் பார்த்தார்? அவரும் அதே சலூனில்தான் முடி வெட்டிக்கொள்கிறாராம், அதே குழுவில் இருக்கிறாராம். எனக்கு எங்கே தெரியும். நான் பார்த்தது கொட்டாவி ஒண்ணுதான். சட்டையப் பார்க்கவே இல்லையே — என்னத்தடா பண்ணி வச்சிருக்க?

ஜூன் 13

படத்தை அழித்தேன். "உங்க போன்லதான் போச்சு. நாலு பேரு வேற குழுவுக்கு அனுப்பிட்டாங்க, கொட்டாவி அவ்வளவு பிரபலம்" என்றான் சலூன்காரன். நாலு பேர் வீட்டுக்கும் போய், பக்கத்தில் நின்று அழிக்க வைத்தேன். "என்ன கண்டக்டரே, செக்கிங்கா?" என்றார் ஒருத்தர். அதுக்கு மேல் எங்கெங்கே போயிருக்கிறதோ.

ஜூன் 14

தையல் கம்பெனி. முதலாளி முகம் கொடுக்கவில்லை.

"விளையாட்டுக்குப் போட்டேன்னு சொல்றீங்க. ஓட்டல்காரர் என்கிட்ட விளையாட்டாவா கேப்பாரு?"

"கேட்டா என்னைக் கைகாட்டுங்க. அந்தப் பொண்ணுக்குப் படம் எடுத்ததே தெரியாதுங்க."

கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். கடைசியில், அந்தம்மா தையல் மிஷின் வேலைக்கு வரலாம், வெட்டுற ரூம் பக்கம் மட்டும் போகக்கூடாது, போன் வாசலிலேயே இருக்கணும் என்றார். வேலை திரும்ப வந்தது. படிக்கிற இடம் போனது போனதுதான்.

ஜூன் 16

நான் செய்ததை வகுப்பில் நானே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வாட்ச்மேன் தம்பி, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் தாத்தா" என்றான். அவன் முகத்தையும்தானே ஊரெல்லாம் காட்டினேன். இனி யாரும் திரையைப் படம் எடுக்கக்கூடாது, கேமரா போடுவது அவரவர் இஷ்டம் என்றார் டீச்சர்.

ஜூன் 19

தையல்காரம்மா இல்லை. பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாதம்கூட இல்லை. பத்து பாஸானால் ஆஸ்பத்திரி வேலைக்கு மனு போடலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 23

பாதி வகுப்பில் ஒரு கருப்புக் கட்டம் வந்தது. பெயர் 'தலைமை ஆசிரியர்'.

"தாத்தா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றான் வாட்ச்மேன் தம்பி.

நான் என் கட்டத்தில், என் பெயரில், ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நான்தான் பேரை மாத்திக்கச் சொன்னேன். யாருன்னு எனக்குத் தெரியும், அது போதும்" என்றார் டீச்சர்.

கருப்புக் கட்டத்தில் மைக் திறந்தது. தண்ணீர் மோட்டார் சத்தம், யாரோ மாடிப்படி ஏறுகிற சத்தம். படியில் உட்கார்ந்திருக்கும் போல.

"எல்லாரும் உக்காருங்க" என்றது தையல்காரம்மா குரல். "அந்தக் கண்டக்டர் மட்டும் முதல்ல மைக்க அணைக்கட்டும்."

அணைத்தேன். அப்புறம்தான் தும்மினேன்.