பூனை மருந்தில் ஹலால் முத்திரை

சாய்ந்தமருது
02.02.2025

ஜெனூபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பொதி கிடைத்தது. தபாலில் போனால் நாளாகும் என்று மின்னஞ்சலில் எழுதுகிறேன். உம்மாவின் ஜனாஸா நல்லடக்கத்துக்கு வராத தங்கை, மூத்தவன் இந்தக் காக்காவின் பூனை கப்டனுக்கு நோய் என்றதும் லெஸ்டரிலிருந்து மருந்து அனுப்புகிறாய். ஏன்?

கப்டனுக்குத் தைரொயிட் என்று எப்படி அறிந்தாய்? மிருக டொக்டர் நிரோஜினி எழுதித் தந்த மருந்துத் துண்டை பிரிட்ஜில் ஒட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு சபியா உம்மா கஞ்சி கொண்டுவந்த சாக்கில் அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருக்கிறார். கேட்டால், "ஓம் தம்பி, பூனைக்கு மருந்துதானே, குண்டா அனுப்பப் போறாள்?" என்கிறார்.

பெட்டியின் மேலே கெப்சூல் படம் இருந்தது. கெப்சூல் கூட்டின் ஜெலற்றின் எந்த மிருகத்தினுடையது? பன்றியா? இருபத்தாறு வருடம் இரசாயனவியல் படிப்பித்தவனை ஏமாற்ற முடியாது. பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.

உனக்குச் சீதன வீடு கட்டி முடித்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதன்பின் யார் எனக்குப் பெண் தந்தார்கள்? வீட்டில் எனக்கு இருப்பது அந்தப் பூனை ஒன்றுதான்.

எம். ஐ. முஸ்தாக்

*

லெஸ்டர்
05.02.2025

அன்புள்ள காக்கா,

வஅலைக்கும் ஸலாம். ஜனாஸாவுக்கு விசா கிடைக்கவில்லை என்பதை இன்னும் எத்தனை தரம் எழுதுவது?

மருந்தை இணையத்தில்தான் வாங்கினேன்; கண்ட இடத்தில் இல்லை. அந்த மருந்தகத்தின் பதிவு இலக்கத்தை அரசாங்கப் பட்டியலில் பார்த்தேன். டொக்டரின் துண்டு இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். சபியா உம்மா அனுப்பிய படத்தைக் கொடுத்தேன்; டொக்டர் நிரோஜினிக்கே அழைத்து அளவைக் கேட்டார்கள். காலாவதித் திகதி பெட்டியிலேயே இருந்தது. ஜெலற்றின் மீனில் செய்தது. உங்களை அறிந்துதான் கேட்டு, எழுதி உள்ளே வைத்தேன். நீங்கள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

மறுபடி அனுப்பட்டுமா? கப்டன் சாப்பிடுகிறானா?

உங்கள் அன்புத் தங்கை,
ஜெனூபா

*

சாய்ந்தமருது
09.02.2025

ஜெனூபாவுக்கு,

அனுப்ப வேண்டாம். மருந்து வாங்கிவிட்டேன். முகநூலில் ஒரு பக்கம். மேலேயே பச்சை நிறத்தில் ஹலால் முத்திரை. துண்டு கேட்கவில்லை, விசாரணை இல்லை. "பூனை எண்டு சொன்னாப் போதும் ஹாஜியார், வீட்டுக்கே வரும்" என்று விற்பவன் போனில் மரியாதையாகக் கதைத்தான். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஆனாலும் அந்த மரியாதை சொந்தத்தில் கிடைக்காதது.

வெள்ளைப் போத்தலில் குளிசைகள் வந்தன. இன்று காலை முதலாவதைக் கொடுத்தேன்.

எம். ஐ. முஸ்தாக்

*

லெஸ்டர்
09.02.2025

காக்கா, நிறுத்துங்கள்.

போத்தலில் மருந்தின் பெயர் இருக்கிறதா? திகதி? விற்றவனுக்கு முகவரி உண்டா? துண்டு கேட்காமல் இந்த மருந்தைத் தருகிறவனை எப்படி நம்பினீர்கள்? என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதியையாவது அவனிடம் கேட்டீர்களா? கப்டன் எலி பிடித்துத் தின்கிறான். அதற்கு யார் முத்திரை குத்தினார்கள்?

போத்தலோடு டொக்டரிடம் போங்கள். இப்போதே. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஜெனூபா

*

சாய்ந்தமருது
14.02.2025

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதத்தை அன்றே படித்தேன். நிறுத்தவில்லை. நீ நிறுத்தச் சொன்னாய் என்பதற்காகவே பின்னேரமும் ஒன்று கொடுத்தேன்.

அடுத்த நாள் கப்டனின் வாயில் நுரை தள்ளிற்று. பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான். துவாயில் சுற்றி ஆட்டோவில் கொண்டு போனேன். டொக்டர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்ன மருந்தெண்டே எழுதல்லயே, சேர். லண்டன்ல இருந்து ஒரு மருந்தகம் எனக்குக் கோல் எடுத்துக் கேட்டாங்களே, அந்த மருந்து எங்க?"

"திருப்பி அனுப்பிட்டன்."

"ஏன் சேர்?"

நான் கப்டனை மேசையில் கிடத்தினேன். அவர் சேலைன் ஏற்றினார். இரண்டு நாள் கிடந்தான். புதன்கிழமை விடிய, நான் தடவிக்கொண்டிருக்கும்போதே கை விறைத்த மாதிரி உணர்ந்தேன். விறைத்தது அவன்தான்.

விற்றவனின் தொலைபேசி இலக்கம் இப்போது வேலை செய்யவில்லை. அவன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவனை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களை மட்டும்தான் நான் சந்தேகித்திருக்கிறேன்.

எனக்கு ஆறுதல் எழுதிவிடாதே. எழுதினால் அதிலும் ஏதாவது குற்றம் தேடுவேன். தேடாமல் ஒரு கடிதத்தை வாசிக்க முடியும் என்று தோன்றும் நாளில் நானே எழுதுகிறேன். அது எப்போது என்று தெரியவில்லை.

உன் காக்கா