கண்ணாடிக்காரியின் வீடு

நயினாதீவு,
10.02.1980

அன்புள்ள மகள் மனோகரிக்கு,

அப்பா சுகம். மானம்தான் கொஞ்சம் சுகமில்லை. யாழ்ப்பாணம் போய், நீ வழக்கமாக வாங்கும் கடையில் இந்த மாதச் சித்திரக்கதைகள் மூன்றையும் வாங்கினேன். "பேரனுக்கோ ஐயா?" என்று கடைக்காரர் கேட்டார். நெற்றி நிறையத் திருநீற்றோடு நிற்கிற மனிசன் வேறென்ன சொல்வது? "ஓம்" என்றேன். இல்லாத பேரனுக்கு வயது எட்டு என்றும் சொல்லிப்போட்டேன்.

குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறி, பேப்பருக்குள் மறைத்து வைத்து வாசித்துக்கொண்டு வந்தேன். நடுக்கடலில் காற்று பேப்பரைக் கொண்டுபோய்விட்டது. மடியில் சிவப்புக் காற்சட்டையோடு பருந்துவீரன். எதிரே சிவகுரு வாத்தியார். "அம்பலவாணர், உமக்குப் பள்ளிக்கூடச் சோதினை எப்ப?" என்றார். லோஞ்சே சிரித்தது.

படங்களை வெட்டி இந்த நீலக் கடிதத்துக்குள் வைக்கப் பார்த்தேன். எயார் லெற்றருக்குள் ஒன்றும் வைக்கக் கூடாதென்று தபால்கந்தோரில் பேச்சு விழுந்தது. ஆகவே எழுதித்தான் காட்ட வேண்டும்.

நாங்கள் மாதாமாதம் போடுகிற வரிசையில் என் முதல் தெரிவு பருந்துவீரன். எரிகிற ஆலையின் கூரையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான். தரையில் இறங்கியதும் செருப்பைத் தேடுகிறான். அந்த இடம் எனக்குப் பிடித்தது. இரண்டாவது கடற்சிங்கன். மூழ்கிய கப்பலை முதுகில் சுமந்து கரை சேர்க்கிறான். எங்கள் லோஞ்சுக்கும் அப்படி ஒருவன் வேண்டும். கடைசி இடம் கண்ணாடிக்காரிக்கு. நினைத்த உடனே ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் போகிறவள். ஆளே தெரியாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது? உன் தெரிவை எழுது.

பசு கன்று போட்டிருக்கிறது. பெரியம்மாவின் மகள், பூனைக்கண் சத்தியபாமா, உங்கே இலண்டனில்தான் இருக்கிறாளாம். ஒருக்கால் போய்ப் பார். மருமகன் குலசிங்கத்துக்கும் என் அன்பைச் சொல்.

அப்பா
(உன் சீதன வீட்டின் காவல்காரன்)


இலண்டன்,
16.03.1980

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். குளிர் குறைந்து வருகிறது. இங்கே எல்லா வசதியும் உண்டு. சத்தியபாமா அக்கா வீடு தூரம், போக நேரமில்லை.

இனிச் சித்திரக்கதை. பருந்துவீரன் நல்லவன், கடற்சிங்கனும் நல்லவன். இவ்வளவும் கண்டால் இவர் மேற்கொண்டு வாசிக்க மாட்டார். எனக்கு வருகிற கடிதத்தை இவர்தான் உடைப்பார், நான் எழுதுவதையும் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவார். உங்கள் கடிதத்தில் கதை வந்த இடங்களையெல்லாம் தாண்டிப் போய், "கொப்பருக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று சிரித்துவிட்டு எறிந்தார்.

ஊரில் நானும் பருந்துவீரன் பக்கம்தான் நின்றேன். இப்போது என் முதல் தெரிவு கண்ணாடிக்காரி. பகல் முழுக்க ஒரு வீட்டுக்குள் இருப்பாள். கதவு வெளியே பூட்டியிருக்கும், திறப்பு அவன் பையில். சனிக்கிழமை காலையில் மட்டும், தெரு முனையில் இருக்கிற உடுப்புத் தோய்க்கும் மெசின் கடைக்குப் போய்வர விடுவான். அங்கேயும் ஒருவரும் அவளைக் காண்பதில்லை. அவள் கையில் ஒரு காயம் இருக்கிறது, அப்பா. ஆறமுதல் இன்னொன்று வந்துவிடுகிறது.

அடுத்த புத்தகத்தில் அவள் வெளியே வருவாளா? வந்தால் எங்கே போவாள்? பார்த்து எழுதுங்கோ.

மனோகரி


நயினாதீவு,
02.04.1980

அன்புள்ள மகளுக்கு,

கன்று துள்ளித் திரிகிறது. கிணற்றுத் துலா முறிந்து, நானும் சேர்ந்து முறியப் பார்த்தேன். இரண்டையும் கட்டி வைத்திருக்கிறேன். மருமகனுடைய வேலை நன்றாக நடக்க அம்மன் துணை.

பருந்துவீரன் பறந்தான். கடற்சிங்கன் நீந்தினான். அவர்கள் கதை அவ்வளவுதான்.

என் தெரிவை மாற்றிவிட்டேன். கண்ணாடிக்காரியைக் கடைசியில் வைத்தவன் படம் பார்க்கத் தெரியாத மடையன். இந்த மாதப் புத்தகத்தில் அவளுக்குத் தூரத்துத் தீவொன்றில் வீடு இருக்கிறது. தாயின் சீதனம், பிறகு அவளுக்குச் சீதனமாக எழுதியது. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பேரில். அந்த வாசலுக்குள் வர அவள் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. உள்ளே இருக்கிற கிழவன்தான் அவளைக் கேட்டு இருக்க வேண்டும். கிழவன் அவளுடைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டான். அரைவாசி அவன் தலையில்.

ஒரு வாத்தியாரும் கதைக்குள் வருகிறார். "பெட்டை புருசனை விட்டிட்டு வந்தால் சனம் என்ன சொல்லும்?" என்று கேட்கிறார். "சனம் லோஞ்சிலை என்னைப் பாத்துச் சிரிச்சுப் பழகினது. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்கிறான் கிழவன்.

சனிக்கிழமைகளில் அந்த மெசின் கடையில் பூனைக்கண்ணோடு ஒரு தோழி நிற்பாள். அவளுக்கு எல்லாம் எழுதியாச்சு. பயண ஏற்பாடும் அவள் பொறுப்பு. கண்ணாடிக்காரி ஒன்றும் எடுக்க வேண்டாம். ஈர உடுப்பை மெசினுக்குள்ளேயே விட்டுவிட்டு வரட்டும்.

படம் கீறினவன் நயினாதீவைப் பார்த்திருப்பான் போலும். வேம்பு, கிணறு, முறிந்த துலா, எல்லாம் அச்சொட்டாக இருக்கிறது.

அப்பா


நயினாதீவு,
15.06.1980

அன்புள்ள மகளுக்கு,

உன் எழுத்தைக் கண்டு கனநாள். மழையில்லை. கன்று வளர்ந்து, என்னை மதிப்பதில்லை.

பருந்துவீரன் வழக்கம்போல.

பூனைக்கண் தோழி ஒவ்வொரு சனிக்கிழமையும் போய் நிற்கிறாளாம். கண்ணாடிக்காரியைக் காணவில்லை. வில்லன்தான் உடுப்பு மூட்டையோடு வந்துபோகிறான். தோழி பின்வாங்கவில்லை, இனியும் நிற்பாள்.

யாழ்ப்பாணக் கடைக்காரர், "பேரனுக்கு இப்ப எதிலை விருப்பம்?" என்றார். "கண்ணாடிக்காரி" என்றேன். "மாசிக்குப் பிறகு அது வரேல்லை, ஐயா. நிப்பாட்டிப்போட்டாங்கள்." மாசிக்குப் பிறகு வந்த கதை என்னட்டை இருக்கிறதென்று அந்த மனிசனுக்கு எப்படிச் சொல்வது? மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பின்னேரங்களில் இறங்குதுறைக்குப் போகிறேன். நடந்தால் காலுக்கு நல்லதாம். நேற்று, லோஞ்சில் கயிறு கட்டுகிற தம்பிராசா கேட்டான்: "அண்ணை, ஒவ்வொரு நாளும் கடைசி லோஞ்சுக்கு வந்து நிக்கிறியள். ஆரைப் பாக்கிறியள்?"

"புதுப் புத்தகம் வருகுதோ எண்டு."

சனம் இறங்கி முடிந்தது. கடைசி ஆளுக்குப் பிறகும், கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி இறங்குவதற்கு இடம் விட்டதுபோல, நான் ஒதுங்கியே நின்றேன். உன் பேர் வாய்வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.

அப்பா