ஏழாவது குழியில் சொன்ன ஓம்

ஓகஸ்ட் 7, வியாழன்
காற்று. மழை வரும்போல இருந்து வரவில்லை. கோல்ஃப் பந்துகள் கழுவினேன், பன்னிரண்டு. மனைவி ஜெசி எட்டிப் பார்த்து, "உங்களுக்கு இருப்புக் கொள்ளேல்லை என்ன?" என்றாள். பந்துகளைத் துடைத்து அடுக்கினேன்.

சனிக்கிழமை ஜென்ஸோடு ஆட்டம். ஜென்ஸ், எங்கள் மகள் அனிதாவின் மிக்கெலுக்கு அப்பா. 'அனிதாவின் மிக்கெல்' என்று என் கையே எழுதுகிறது, பார். அவள் ஓல்போர்க் ஆஸ்பத்திரியில் தாதி. இரண்டு பேரும் அடுத்த மாதம் ஒரே வீட்டுக்குப் போகப் போகிறார்களாம். கல்யாணம் பிறகாம். ஆனால் அப்பா சம்மதிக்காமல் போகமாட்டாளாம். அதுதான் கரைச்சல். கேட்காமல் போயிருந்தால் கோபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முடிவு: சம்மதமில்லை. ஜென்ஸிடம் நேரே சொல்வது. கண்ணாடி முன் நின்று டேனிஷில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.

வாங்க: கையுறை, வாழைப்பழம், முழங்காலுக்குப் பூசும் மருந்து.

ஓகஸ்ட் 8, வெள்ளி
வேலையில் கவனமில்லை. பெட்டிகளில் லேபல் தலைகீழாக ஒட்டி, எல்லாம் உரித்து மறுபடி.

ஜெசியிடம்: "சேர்ச்சில சனம் என்ன கதைக்கும்?"

"நாலு கிழமை கதைக்கும். பிறகு வேற ஆளைப் பிடிக்கும்."

இவள் எப்போதோ சம்மதித்துவிட்டாள். வீட்டில் நான் மட்டும்தான் மிச்சம்.

ஓகஸ்ட் 9, சனி
வெயில், மேல்காற்று. ரண்டர்ஸ் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார். பழைய மைதானம். நான் பழகியது ஒன்பது குழிச் சின்னப் புல்வெளி. இது வறண்ட மேட்டு நிலம், இரு பக்கமும் லுங் என்கிற அடர்ந்த புதர்ச்செடி, ஊதாப் பூ. அழகுதான். உள்ளே போன பந்து திரும்பாது.

மூன்றாவது குழிக்கு ஒன்பது தரம் அடித்தேன். வெட்கம். நாலாவது குழிக்குப் பக்கத்தில் ஆதிகாலத்து ஆட்களைப் புதைத்த மேடு. அதைச் சுற்றித்தான் அடிக்க வேண்டும்.

ஐந்தில் சொல்ல வாயெடுத்தேன், ஜென்ஸ் மட்டையை ஓங்கிவிட்டார். அடிக்கும்போது பேசக்கூடாது. ஆறில் பின்னால் வந்தவர்கள் நாங்கள் நகரக் காத்து நின்றார்கள். இந்த விளையாட்டில் ஒரு விஷயம் சொல்ல நேரமே கிடையாது.

ஏழாவதில் என் பந்து லுங்குக்குள். தேட மூன்று நிமிடம்தான் சட்டம். ஜென்ஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏதோ நீளமாகக் கதைத்தார். காற்றில் பாதி கேட்கவில்லை. பிள்ளைகள், வீடு, செப்டம்பர். நான் குனிந்து செடியை விலக்கியபடி "ஓம்... ஓம்..." பந்து இல்லை. நிமிர்ந்தால் ஜென்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், கண் கலங்கியிருக்கிறது. தொலைந்த பந்துக்கு இவ்வளவு இரக்கமா?

"அதை விடு, புதிதாக அடி. அந்த அடியை எண்ணவே வேண்டாம்" என்றார்.

மாட்டேன் என்றேன். அடித்தது அடித்ததுதான்.

பதினெட்டும் முடிந்தது. மொத்தம் 118. விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. கார் பக்கத்தில் சொல்லலாமென்றால் அவர் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். கோழை நான்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
தூறல். முழங்கால் வீக்கம். சேர்ச்சில் பூசை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றுமுன் அனிதாவின் போன்.

"அப்பா, நீங்கள் ஓம் எண்டு சொன்னீங்களாம்."

தமிழில். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை.

"ஆர் சொன்னது?"

"ஜென்ஸ். ஒருக்கா இல்லையாம், நாலைஞ்சு தரமாம்."

அவள்தான் ஜென்ஸுக்கு ஒரேயொரு தமிழ்ச் சொல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஓம் என்றால் டேனிஷில் யா, சம்மதம். அவ்வளவுதான். கதை கேட்கிறவன் சும்மா இடையிடையே போடுகிற ஓமும் ஒன்று இருக்கிறதென்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியுமோ என்னவோ.

கோபம் வந்தது. ஜென்ஸில், காற்றில், என் வாயில். நான் பந்து தேடினனான் பிள்ளை, என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஜெசி குழாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்து நின்றாள்.

அனிதா அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் கேட்கக்கூடாதென்று போனைத் தள்ளிப் பிடித்து அழுதாள். சின்ன வயதிலும் அப்படித்தான், கதவுக்குப் பின்னால் போய் நின்று.

"அப்பா, உண்மையாவோ?"

"யா" என்றேன். டேனிஷில், ஒருவருக்கும் சந்தேகம் வராதபடி.