நிச்சயதார்த்தத்தில் வாசித்த வயலின்

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் ஒரு கோழை. கஹவத்தை பஸ்ஸில் சந்தித்தது முதல் பிரிந்தது வரை நம் கதை முழுவதையும் என் நிச்சயதார்த்தத்தில் வயலினில் வாசித்தீர்கள். எனக்காகக் கட்டிய மெட்டைப் பாதியில் நிறுத்தியபோது லயத்துச் சனமே அழுதது.

அப்பாவும் கண்ணைத் துடைத்தார். எனக்கு ஒருத்தன் இருப்பது அவருக்குத் தெரியும். அது நீங்கள் என்று தெரியாது. "பய அழ வச்சிட்டான்ப்பா, கல்யாணத்துக்கும் இவனையே கூப்பிடுங்க" என்றார்.

எல்லோருக்கும் கிளாசில் தேத்தண்ணி. உங்கள் சாதிக்கு மட்டும் பேப்பர் கப். அதைக் குடித்துவிட்டு, "சரிங்கய்யா, வாறேன்" என்றீர்கள்.

ரப்பர் பால் வெட்டப் போனாலும் அண்ணி கூடவே வருகிறாள். என்னால் எங்கேயும் போக முடியாது.

புதன்கிழமை கல்யாணத்துக்கு வயலின் கொண்டுவர வேண்டாம். அதற்கு முன்பே வெறுங்கையோடு வாருங்கள். அப்பா முன்னால் வாயைத் திறந்து என்னைப் பெண் கேளுங்கள்.

புதன்கிழமை வரை உங்களுடையவள்