பூச்சாடிகள் குற்றமற்றவை

நிலுஷா,

படிப்பிக்கும் நேரம் நீர் போனை நிறுத்தி வைப்பீர் என்பதால் இந்தச் சீட்டு.

கிருஷாந்தனை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரி வார்ட்டில் மறித்துவிட்டார்கள். மரியம்மா மாமி பக்கத்தில் இருக்கிறா. நான் உடுப்பு எடுக்க வந்தேன், இப்போதே திரும்புகிறேன்.

டெங்கு இல்லையாம். டொக்டர் அவன் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கையைத் தூக்கிப் பார்த்தார். கக்கத்துக்குள் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. உள்ளங்கையிலும் சிவப்புப் புள்ளிகள். "இது உண்ணிக் காய்ச்சல். புல்லுப் பற்றைக்குள்ள விளையாடேக்க கடிச்சிருக்கும்" என்றார். இரத்த முடிவுக்குக் காத்திராமல் மருந்தும் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே, தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு வளர்த்த குற்றத்துக்காக நீர் போட்டுடைத்த என்னுடைய பூச்சாடிகள் நிரபராதிகள். "பிள்ளையைவிட உங்களுக்குப் பூக்கண்டு பெரிசு" என்றீரே, அந்தப் பேச்சும் சாடிகளோடு உடைந்துதான் கிடக்கிறது. கூட்டி அள்ள எனக்கு ஏலாது.

காய்ச்சல் உடம்பில் தண்ணீர் படக்கூடாது என்று நீர் அவனைக் குளிக்கவும் விடவில்லை, சேட்டைக் கழற்றவும் விடவில்லை. பிறகு அந்தப் பொருக்கை யார் காண்பது?

குசினியில் சோறும் மீன்குழம்பும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு வாரும். பக்கத்து வீட்டு ஜெமீலா அக்கா டெங்குக்கென்று பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்தால் வாங்கி வையும், நான் குடிக்கிறேன். இந்த வீட்டில் கசப்பு எனக்குச் சத்துணவு.

மேர்வின்

மறந்துபோனேன்: "பிள்ளையைக் குளிக்க வேண்டாமெண்டது ஆர்? உடம்பைப் பார்த்திருந்தா முதலே கண்டிருக்கலாமே" என்று டொக்டர் ஏசினார். நான்தான் என்றேன். உம்மைக் கேட்டால் நீரும் என்னைத்தான் சொல்லும். என்மேல் பழி போடுவது உமக்கு ஒன்றும் கஷ்டமில்லையே.