டிக்கியில் கவிழாத குடம்

நேற்று மருமகன் தன் புதுக் காரில் என்னை ஏற்றிக்கொண்டு இன்ஜினைக் கிளப்பினார். முன்னால் திரையில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நொடிகூட அணையவில்லை. "என்ன மாமா, அதையே பாக்குறீங்க?" என்றார். அதை அவரிடம் சொல்லி என்ன? உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீயோ சவுதி மண்ணுக்குள் இருக்கிறாய்.

மன்னார்குடியில் டூரிஸ்ட் வேன்கள் வந்து இறங்கிய வருடம், உன் வெள்ளை அம்பாசிடரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. "சவாரி இல்லேன்னா சவுதிக்கு டிரைவராப் போறதுதாண்ணே வழி" என்றாய். "எங்கயும் போக வேணாம். வண்டிக்குள்ள கம்ப்யூட்டர் வச்சுத் தர்றேன். படம் ஓடுற காரை எவன் வேணாம்பான்?" என்றேன். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். எவன் முன்னாலும் கைகட்டி நின்று படித்ததில்லை. டிக்கியில் பலகை அடித்துக் கம்ப்யூட்டரை இறுக்கினேன். டேஷ்போர்டில் சின்னத் திரை. கார் பேட்டரியிலிருந்தே கரண்ட்.

ஒரே குறை. வண்டியைக் கிளப்ப செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி தளர்ந்து கம்ப்யூட்டர் அணைந்துவிடும். "அதுக்குன்னு தனி பேட்டரி வச்சா என்னண்ணே?" என்று கேட்டாய். "ஸ்டியரிங் பிடிக்கிறவன் எனக்குக் கரண்ட் பாடம் எடுக்குறியா?" என்றேன். படித்த இன்ஜினியர்கள் என்னைப் பேசிய அதே பேச்சை உன்னிடம் பேசினேன். அன்றிலிருந்து வண்டியைப் பாமணி ஆற்றுப் பாலத்துச் சரிவில் நிறுத்தி, உருளவிட்டு, கியர் போட்டுக் கிளப்பினாய். கேட்டவர்களிடம், "செல்ஃபுக்கு ரெஸ்ட் குடுக்குறேன்" என்று சிரித்தாய்.

தெப்பக்குளத் தெருவில் ஏது சரிவு? அங்கே ஒரு மாப்பிள்ளை அழைப்பில் வேறு வழியில்லாமல் செல்ஃப் அடித்தாய். திரை கறுத்தது, பிறகு எழவே இல்லை. "என்ன பாய், டிக்கியில கொழுக்கட்டையா வேகுது?" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். கூட்டம் சிரித்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணன் நல்லாத்தான் போட்டுக் குடுத்தாரு. நான்தான் காலையில தண்ணிக் குடத்தை அது மேல கவுத்துட்டேன்" என்றாய். டிக்கியில் குடமே வைத்ததில்லை நீ. எனக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு சவாரி வரவில்லை. காரை விற்றுவிட்டு சவுதிக்குப் போனாய். இரண்டு முறை லீவில் வந்தாய். குடத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாவது முறை போன்தான் வந்தது.

இன்று காலை உன் மனைவியிடமாவது சொல்லிவிடலாம் என்று போனேன். "அன்னிக்கு டிக்கியில..." என்று தொடங்கினேன்.

"தெரியும்ணே. அவங்க சவுதிக்குப் போறப்பவே சொன்னாங்க. அண்ணன்கிட்ட அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னாங்க. டீ ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான். என் தப்பை எடுத்து உன் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். திருப்பி வாங்கிக்கொள்ளக்கூட என்னை விடவில்லை. ஊரில் இன்றும் நான் கெட்டிக்கார மெக்கானிக்; நீ கம்ப்யூட்டரில் தண்ணீர் ஊற்றியவன். நாளைக்கும் அந்தப் பெயரோடுதான் என் ரிப்பேர்க் கடையைத் திறக்க வேண்டும்.