மாத்திரைக்கும் விரதம்

12 ஜூன் 1961, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சாரலும் தொடங்கிவிட்டது. ஊர் உலகமெல்லாம் குளிரைத் தேடிக் குற்றாலத்துக்கு வருகிறது. நான் தென்காசியில் இவருடைய மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கின்றன. சிரிக்கட்டும், வகுப்பில் யாராவது விழித்திருக்க வேண்டுமே.

குரல் இன்னும் தகர டப்பாதான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் பாடிய காலை வணக்கப் பாட்டை இப்போது ஹைருன் பீவி டீச்சர் பாடுகிறாள். எனக்குச் சரியாகிற வரைக்கும்தான் என்று தலைமையாசிரியை சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

18 ஜூன்

நாத்தனார் சொக்கம்மாள் வாசுதேவநல்லூரிலிருந்து சீசனுக்கு வந்து இறங்கிவிட்டாள். என்னைப் பார்த்ததும், "மைனி நல்லாப் பூசினாப்ல இருக்கிய" என்றாள். முகம் ஊதிக் கிடப்பதை மரியாதையாகச் சொல்கிறாளாம்.

அருவியில் தலையைக் கொடுத்தால் எந்த நோயும் ஓடிவிடும் என்பது இவருடைய தீர்ப்பு. போனேன். நோய் ஓடவில்லை, நான்தான் ஓடி வந்தேன்.

3 ஜூலை

டாக்டர் தாணுமாலயன் குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் யோசித்து யோசித்துத் துள்ளியது. கழுத்திலிருக்கும் தைராய்டுச் சுரப்பி வேலை செய்யவில்லை, ஆயுசுக்கும் மாத்திரை வேண்டும் என்று பங்குனியிலேயே சொன்னவர் அவர். இன்னும் ஏன் இந்த மந்தம், தினமும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். சாப்பிடக் கூடிய தினங்களில் சாப்பிடத்தானே செய்கிறேன்.

அந்த மாத்திரை ஆட்டின் கழுத்துச் சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்தது. டாக்டரே சொன்னார் — நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இவர் சைவ சபையில் வருஷா வருஷம் புலால் மறுத்தலைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறவர். எங்கள் அடுப்படிக்குள் முட்டை என்ற பேச்சுகூட நுழைந்ததில்லை. ஊட்டி மூலிகை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இவரிடம் மறைக்கலாம், சாமியிடம் முடியுமா? அதனால் செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, அமாவாசை — கவிச்சி தின்கிறவர்கள் விடுகிற நாளெல்லாம் நானும் மாத்திரையை விட்டுவிடுகிறேன். பிறந்ததிலிருந்து சைவம். நாற்பது வயதுக்கு மேல், கறி ஆகாத நாள் எது என்று பஞ்சாங்கம் பார்க்கிறேன்.

15 நவம்பர்

கந்த சஷ்டி முடிந்தது. அத்தனை நாளும் மாத்திரை இல்லை. முருகன் சூரனை வென்றான். என்னை உறக்கம் வென்றது.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றை இரண்டாக்கிவிட்டார். போடுகிற நாளில் நெஞ்சு படபடக்கிறது, போடாத நாளில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

20 நவம்பர்

ஹைருன் பீவியிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"எங்க மார்க்கத்துலயே நோயாளிக்கு நோன்பு கெடையாது டீச்சர். நீங்க மருந்துக்குப் போயி நோன்பு வைக்கிய."

கோபம் வந்தது. என் சாமியைப் பற்றி இவள் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து நன்றாகக் கோபப்படலாம் என்றிருந்தேன். அதற்குள் உறங்கிவிட்டேன்.

17 டிசம்பர்

மார்கழி. மாதம் பூராவும் மாத்திரை கிடையாது. பஞ்சாங்கத்துக்கும் ஓய்வு.

18 ஜனவரி 1962, வியாழன்

வகுப்பில் உறங்கிவிட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. என்னை எழுப்பக் கூடாது என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தன. இவ்வளவு அடக்கமான வகுப்பை அவர் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்.

பங்குனிக்குள் தேறாவிட்டால் லீவு எழுதிக் கொடுத்துவிடு என்கிறாள் தலைமையாசிரியை. அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

பள்ளிக்கூடமும் இல்லாட்டா நான் என்ன செய்வேன்? இந்த வீட்டுல உக்காந்து உறங்கவா? அழுதேன். அழுகைகூட மெதுவாத்தான் வருது.

தை பிறந்ததும் மாத்திரையைத் தொடங்க நினைத்திருந்தேன். எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடி உலகம் அழியப் போகிறதாம். இவர் சபையில் நாள்தோறும் பூசை வைத்து, வீட்டையும் விரதத்தில் போட்டுவிட்டார்.

3 பிப்ரவரி, சனி

நேற்றுக் காலை என்னை எழுப்பவே முடியவில்லையாம். உடம்பு சில்லிட்டிருந்ததாம். கண் திறந்தபோது டாக்டர் கட்டிலருகே இருந்தார். உலகம் அழியும்போது அண்ணன் வீட்டில் இருக்கலாம் என்று வந்திருந்த சொக்கம்மாள், நிறைந்திருந்த மாத்திரைப் புட்டியை அவரிடம் நீட்டினாள்.

"நான் வந்ததுலருந்து மைனி இதத் தொடவேயில்ல."

ஏன் என்றார் டாக்டர். இவர் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். மறைக்கவும் தெம்பு வேண்டும் அல்லவா?

"அது ஆடு" என்றேன்.

இவர் டாக்டரைப் பார்த்தார். ஆமாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார். இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். நேற்று வீட்டில் கை நனைக்காமல் கோயில் பிரசாதத்தோடு நிறுத்திக்கொண்டார். இன்றும்.

4 பிப்ரவரி, ஞாயிறு

தை அமாவாசை. எட்டுக் கிரகமும் கூடி நிற்கிற நாள். விடிந்ததும் குளித்துத் திருநீறு பூசி, ஒரு கையில் வெந்நீர், மறு கையில் அரை மாத்திரையோடு வந்து நின்றார். அரையிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். டாக்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்திருக்கிறார்.

"இன்னைக்கு அமாவாசை" என்றேன்.

"அமாவாசை அடுத்த மாசமும் வரும். நீ இருக்கணும்லா. முழுங்கு, மங்களம்."

விழுங்கினேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

சாயங்காலம் பால்காரி வழக்கம்போல வந்தாள். உலகம் அழியவில்லை.

2 ஏப்ரல்

லீவு எழுதிக் கொடுக்கவில்லை. தலைமையாசிரியையும் கேட்கவில்லை.

15 ஜூன், வெள்ளி

மறுபடி சாரல். குளிர் முழுக்கப் போகவில்லை, குதிகால் வெடிப்பும் அப்படியே. மப்ளர் எனக்கே சொந்தமாகிவிட்டது. ஹைருன் பீவி வணக்கப் பாட்டைத் திருப்பிக் கொடுத்தாள், இரண்டாவது அடியை மட்டும் தானே வைத்துக்கொண்டாள்.

இன்று சபையில் இவருடைய புலால் மறுத்தல் பேச்சு. அதே இரண்டு மணி நேரம். முடிக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருந்து நீங்கலாக" என்றார். சாரல் சத்தத்தில் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. முன்வரிசையில் நான் இருந்தேன்.

தொடக்கத்தில் கடவுள் வாழ்த்துப் பாடியது நான்தான். வெள்ளிக்கிழமை. மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனேன்.